நாயகன் போன பிறகு அடுத்த பாகம்: நீண்ட படத்தொடரை மறுபடி தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தொடரின் நாயகன் இறந்துவிட்டார். அல்லது வயது ஏறிவிட்டது. அல்லது தயாரிப்பாளரோடு மனம் முறிந்து விலகிவிட்டார். மறுநாள் காலை வெள்ளவத்தைத் தேநீர்க்கடை தொடங்கித் தயாரிப்பாளர் வீட்டு வரவேற்பறை வரை ஒரே கேள்விதான்: "இனி அவருக்குப் பதில் யார்?"

அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் தீர்க்க வேண்டியது வேறு. இத்தனை பாகமாகத் திரையில் பார்த்ததில் எது பாத்திரத்துக்குச் சொந்தம், எது நடிகருக்குச் சொந்தம்? நடிகருடையதை அவரோடு மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். பாத்திரத்துடையதை மட்டும் புதியவர் கையில் கொடுக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் ஆள் தேடப் போனால், பழையவரைப் போலச் செய்து காட்டும் ஒருவர்தான் கிடைப்பார்.

பிரிப்பது எளிதல்ல என்பதற்குக் கொழும்பிலேயே சாட்சி இருக்கிறது. இலங்கை வானொலியில் பெயர்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது. அதில் நடித்தவர்களை மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் இன்றும் சொல்கிறோம். பாத்திரத்தின் பெயர் நடிகர் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க நின்றுவிட்டது. வெறும் குரலாலேயே இவ்வளவு ஒட்டுமென்றால், முகமும் நடையும் சேர்ந்த திரைப்படத்தில் கேட்கவே வேண்டாம்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் த்ரீவீலர் ஓட்டும் ஒருவர், காணாமல்போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். நான்கு பாகம் வந்துவிட்டது. நாயக நடிகர் இனி இல்லை. ஐந்தாம் பாகம் எடுக்க வேண்டும்.

படி 1: பாத்திரத்தையும் நடிகரையும் பிரித்தெழுதுதல்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எழுத்தாளர், இயக்குநர், படத்தொகுப்பாளர் மூவரும் தனித்தனியே எல்லாப் பாகங்களையும் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை ஒலியை அணைத்து. மூன்றாம் முறை படத்தை மறைத்து, ஒலியை மட்டும் கேட்டு. ஒலியில்லாமல் பார்க்கும்போது நடிகரின் உடல் தெரியும்: தோளை எப்படி வைக்கிறார், கதவை எப்படித் திறக்கிறார் என்று. ஒலியை மட்டும் கேட்கும்போது வசனம் எழுதியவரின் வேலை எங்கே முடிகிறது, நடிகரின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி, பாத்திரம் எடுக்கும் முடிவுகள். இரண்டாவது, நடிகரின் உடலும் குரலும் தந்தவை. மூன்றாவது, இரண்டும் பிரியாமல் ஒட்டியவை. நம் த்ரீவீலர்காரர் விதவைகளிடம் கூலி வாங்கமாட்டார்; ஆளைத் தேடிக் கிளம்புமுன் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார்; பொய் சொல்லத் தெரியாதவர். இவை முதல் பத்தி. உதட்டோரச் சிரிப்பு, தொண்டைக்குள் உருளும் குரல், சண்டைக்கு முன் சறத்தை மடித்துக்கட்டும் தோரணை ஆகியவை இரண்டாம் பத்தி. "ஏறுங்கோ, போவம்" என்று அவர் ஒவ்வொரு பாகத்திலும் சொல்லும் வசனம் மூன்றாம் பத்தி. எழுதியவர் எழுத்தாளர்தான். ஆனால் கைதட்டல் விழுந்தது சொன்னவர் குரலுக்கு.

எதை எந்தப் பத்தியில் போடுவதென்று சண்டை வரும். வரட்டும், இந்தப் படியின் பயன் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது. தீர்க்க ஒரு சோதனை: அதே செயலை முகம் தெரியாத ஒரு நாடக நடிகரைச் செய்யச் சொல்லிக் கைபேசியில் படமெடுங்கள். தொடரைத் தெரிந்த ஐந்து பேருக்குக் காட்டுங்கள். "அவரைப் போலச் செய்கிறார்" என்றால் அது நடிகருடையது. "அவன் அப்படித்தானே செய்வான்" என்று பாத்திரத்தின் பெயர் சொல்லிப் பேசினால் அது பாத்திரத்துடையது. பார்வையாளர் வாயில் 'அவர்' வருகிறதா, 'அவன்' வருகிறதா என்று கவனியுங்கள். தமிழில் நடிகருக்கு மரியாதையும் பாத்திரத்துக்கு உரிமையும் கொடுத்துத்தான் பேசுவோம். இதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

இரண்டாம் பத்தியில் உள்ள எதையும் புதியவரைச் செய்யவிடக்கூடாது. இதில் சலுகை வேண்டாம். 'சந்திரமுகி' (2005) படத்தில் வேட்டையனின் 'லகலக' ரஜினிகாந்தின் உடலிலும் குரலிலும் பிறந்தது. 2023இல் அதே இயக்குநர் பி. வாசு, ராகவா லாரன்ஸை வைத்து இரண்டாம் பாகம் எடுத்தார். அரண்மனை, பேய்க்கதை, வடிவேலுவின் முருகேசன் எல்லாம் திரும்பி வந்தன. அவை கதைக்குச் சொந்தமானவை, யார் நாயகனாக வந்தாலும் செல்லும். வேட்டையன் மட்டும் அப்படியல்ல. எவ்வளவு உழைத்து நடித்தாலும் அந்தப் பாத்திரத்தில் வருபவரைப் பார்வையாளர் பழையவரோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

இதற்கு மாறாக 1973இல் ஜேம்ஸ் பொண்ட் தொடரில் நடந்ததைப் பாருங்கள். ஷோன் கானரிக்குப் பிறகு ரோஜர் மூர் முதன்முதலாக வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில், கானரியின் பொண்ட் வழக்கமாகக் கேட்கும் வொட்கா மார்ட்டினி இல்லை. இவர் பேர்பன் குடிக்கிறார். சிகரெட் இல்லை, சுருட்டு. மேலதிகாரியின் அலுவலகத்துக்குப் போகும் வழக்கமான காட்சிகூட இல்லை. மேலதிகாரியே பொண்ட் வீட்டுக்கு வருகிறார். ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். பெயர், எண், வேலை, பெண்களிடம் பேசும் துணிவு ஆகியவை நின்றன. அந்தப் பட்டியலை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் பத்தி, அதாவது ஒட்டியவை, மிக விலையுயர்ந்தது. அதை வெட்டிவிடாதீர்கள். பிந்திக் கொடுங்கள். எப்படியென்று படி 4இல் வருகிறது.

படி 2: உரிமைக் காகிதங்கள்

இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவுசெய்யும் ஏற்பாடு கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைப்பு உருவாகும்போதே உரிமையும் பிறக்கிறது. அதனால் "பதிவுப் பத்திரம் எங்கே" என்று தேடிப் பயனில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் சங்கிலிதான் உங்கள் ஆதாரம். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் வெளியீட்டு வாரத்தில் தடையுத்தரவு வரும்.

கதை, திரைக்கதை, பாத்திரப் பெயர், தொடரின் தலைப்பு, கருப்பொருள் இசை, பாடல் வரி, சுவரொட்டிப் படங்கள், பழைய காட்சிகள் ஆகிய எட்டுக்கும் தனித்தனிக் கோப்பு திறவுங்கள். ஒவ்வொன்றிலும் யார் எழுதினார், யாருக்கு எழுதிக்கொடுத்தார், எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு என்ற நான்கு கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். உரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் உயிலும், அல்லது வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் தேவை. மூத்த மகன் ஒருவரின் கையெழுத்து போதாது. கனடாவிலும் பாரிஸிலும் இருக்கும் தங்கைகளிடமும் வாங்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் பிடிக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எழுதப்பட்ட பழைய ஒப்பந்தங்களில் ஒரு பெரிய குழி உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே செல்லும். நாடு குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். "எல்லா உரிமையும் தந்துவிட்டேன்" என்று ஒற்றை வரியில் எழுதிய காகிதத்தை நம்பிக் கொழும்பில் படம் எடுத்தால், கையில் இருப்பது காலாவதியான இந்திய உரிமையாக இருக்கலாம். இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு பாத்திரத்தின் உரிமை பிரிந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் பொண்ட் தொடர்தான். 'தண்டர்பால்' என்ற பொண்ட் கதையில் தயாரிப்பாளர் கெவின் மெக்ளோரிக்குப் பங்கிருந்ததால், அவர் தரப்பிலிருந்து 1983இல் கானரியையே நாயகனாக வைத்து ஒரு போட்டிப் படம் வந்தது. வில்லன் புளோஃபெல்டும் அவனுடைய ஸ்பெக்டர் அமைப்பும் பிரதான தொடருக்குப் பெயரோடு திரும்பியது 2015இல், 2013இல் சமரசம் ஆன பிறகு. வில்லனின் பெயரையும் கோப்பில் சேருங்கள்.

தொடரின் தலைப்பையும் சின்னத்தையும் வணிகக் குறியாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவுசெய்யலாம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

படி 3: எந்த வழி?

நான்கு வழி உண்டு. ஒன்று, அதே பாத்திரம், அதே காலவோட்டம், முகம் மட்டும் வேறு. இரண்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவது. 2005இன் பேட்மேனும் 2006இன் பொண்ட் படமான 'கசினோ ரோயாலும்' இப்படி வந்தவை. மூன்று, வாரிசு: மகன், மாணவி, தம்பி. நான்கு, நாயகன் இல்லாமல் அவன் உலகம் மட்டும் தொடர்வது.

எது பொருந்தும் என்பது நடிகர் ஏன் இல்லை என்பதைப் பொறுத்தது. அவர் நடுவயதில் எதிர்பாராமல் இறந்திருந்தால் முதல் வழி கொடுமையாக இருக்கும். சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் இறந்தபின், 2022இல் வந்த பிளாக் பாந்தர் இரண்டாம் படத்தில் அவர் பாத்திரத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. படமே பாத்திரத்தின் மரணத்தோடும் இறுதிச் சடங்கோடும்தான் தொடங்கியது. பார்வையாளருக்கும் துக்கம் காக்க ஒரு நேரம் வேண்டும். அதைத் திரையிலேயே கொடுத்தார்கள். நடிகர் சண்டைபோட்டு விலகியிருந்தால் மூன்றாம் வழி ஆபத்து: "அப்பா எங்கே?" என்று கதை கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் சொல்ல அவர் வரமாட்டார். வயதால் ஓய்வுபெற்று நல்லுறவில் இருப்பவர் என்றால் இரண்டு நாள் கால்ஷீட் வாங்குங்கள். 2009இன் ஸ்டார் ட்ரெக்கில் பழைய தொடரில் ஸ்பொக் பாத்திரத்தில் நடித்த லெனார்ட் நிமோயே வந்து புதியவரோடு பேசினார். அது ஆசீர்வாதம்போல் வேலைசெய்தது.

நான்காம் வழிக்குப் போனால் தலைப்பைப் பாருங்கள். 2012இல் மட் டேமன் இல்லாமல் வந்த பார்ன் படத்தின் தலைப்பிலேயே பார்ன் இருந்தார். படத்திலோ ஒளிப்படமாகவும் பேச்சாகவும்தான் வந்தார். ஜெரெமி ரென்னர் நடித்தது வேறொரு பாத்திரம். நான்கு ஆண்டில் டேமனையே திரும்ப அழைத்தார்கள். தலைப்பில் நாயகனின் பெயர் இருந்தால் அவன் உள்ளே இருக்க வேண்டும்.

நம் த்ரீவீலர் தொடருக்கு? நடிகர் இறந்திருந்தால் மூன்றாம் வழி. வண்டியை அக்காவின் மகள் ஓட்டட்டும். அவர் விலகிப் போயிருந்தால் இரண்டாம் வழி: 1990களின் கொட்டாஞ்சேனை, இருபது வயதுப் பையன், கையில் முதல் த்ரீவீலர்.

படி 4: திரைக்கதை, குறிப்பாக முதல் பதினைந்து நிமிடம்

தமிழ்ப் படத்தில் நாயகன் நுழையும் காட்சி கோயில் கதவு திறப்பதைப் போன்றது. கால், கை, முதுகு, கடைசியில் முகம். பழைய முகம் வரவேண்டிய இடத்தில் புதிய முகம் வந்தால் அரங்கம் அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் திருப்ப இருபது நிமிடம் போகும். ஆகவே அந்த வடிவத்திலேயே நுழைய வைக்காதீர்கள்.

மூன்று உத்திகள் பலன் தந்திருக்கின்றன. ஒன்று, முகத்தைப் பிந்திக் காட்டுவது. 2015இன் மேட் மேக்ஸில் மெல் கிப்சனுக்குப் பதில் வந்த டொம் ஹார்டியின் முகம் படத்தின் முதல் பகுதியில் நெடுநேரம் இரும்பு முகமூடிக்குள் இருந்தது. கழற்றும்போது பார்வையாளரும் அவரோடு சேர்ந்து மூச்சுவிட்டார். இரண்டு, நாயகனே இல்லாத முன்காட்சி: ரோஜர் மூரின் முதல் படத்தில் தலைப்புக்கு முந்திய காட்சியில் அவர் வருவதேயில்லை. கதை முதலில் பிடிக்கிறது, ஆள் பிறகு வருகிறார். மூன்று, தோல்வியில் அறிமுகம் செய்வது. முதல் காட்சியிலேயே அவன் ஒரு தவறு செய்யட்டும். தவறு செய்பவனோடு பழையவரை யாரும் ஒப்பிடமாட்டார்கள்.

செய்யக்கூடாதது ஒன்று: முகம் மாறியதைப் படத்துக்குள்ளேயே சொல்லிச் சிரிக்க வைப்பது. 1969இல் கானரிக்குப் பதில் பொண்டாக வந்த ஜோர்ஜ் லேசன்பி தன் முதல் காட்சியில், மற்றவனுக்கு இப்படி நடந்ததில்லை என்று கமராவைப் பார்த்துச் சொல்கிறார். சிரிப்பு வரும். மறந்திருந்த பார்வையாளருக்கும் மற்றவர் ஞாபகமும் வரும்.

இப்போது அந்த மூன்றாம் பத்திக்கு வருவோம். 'கசினோ ரோயால்' இதைச் செய்த விதத்தை ஒவ்வொரு எழுத்தாளரும் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வசனம் படத்தின் கடைசி வரி. கருப்பொருள் இசை முழுதாக ஒலிப்பது அதற்குப் பிறகே. நடுவில் அதன் துணுக்குகள் மட்டும். இரண்டரை மணிநேரம் உழைத்துச் சம்பாதித்த பிறகுதான் புதிய பொண்டான டேனியல் கிரேக் அந்தச் சொற்களைத் தொடுகிறார். ஆகவே நம் ஐந்தாம் பாகத்தில் "ஏறுங்கோ, போவம்" ஒரே ஒரு முறை, கடைசி ஐந்து நிமிடத்துக்குள். அதுவரை யாராவது கேட்கும்போது வண்டி கிளம்பாமல் நிற்கட்டும்.

பழைய துணைநடிகர்களில் குறைந்தது இருவரைத் தக்கவையுங்கள். முகம் மாறிய வீட்டில் தெரிந்தவர் ஒருவர் கதவைத் திறந்தால் உள்ளே போகத் தயங்கமாட்டோம். டெஸ்மண்ட் லெவலின் 1963 தொடக்கம் 1999 வரை ஐந்து பொண்ட் நடிகர்களுக்கு ஆயுதம் கொடுத்தார். ஜூடி டெஞ்ச், பொண்டாக நடித்த பிராஸ்னனின் மேலதிகாரியாகவும் இருந்தார், முதலிலிருந்து தொடங்கிய கிரேக்கின் மேலதிகாரியாகவும் இருந்தார். கணக்குப்படி பொருந்தாது, ஆனாலும் யாரும் குறைசொல்லவில்லை. எங்கள் தொடரில் அக்காவும் தேநீர்க்கடை முதலாளியும் அதே நடிகர்கள்தான். அவர்களிடம் புதியவரை மிகையாகப் புகழும் வசனம் கொடுக்காதீர்கள். சாதாரணமாகத் திட்டட்டும். வீட்டுக்காரரைத்தான் திட்டுவார்கள்.

படி 5: ஆள் தேடுதல்

இப்போதுதான் அந்தக் கேள்வி. முதல் பத்தியை மட்டும் வைத்து ஒரு பக்கப் பாத்திரக் குறிப்பு எழுதி நடிகர்களுக்கு அனுப்புங்கள். தொடரின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் வருகிறவர்களில் பலர் பழையவரின் குரலில் பேசிக் காட்டுவார்கள்.

முதல் சுற்றில் முப்பது பேர், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் மூன்று. மூவருக்கும் ஒரே மூன்று காட்சி: பேசாமல் காத்திருப்பது (90 விநாடி), தனக்கு வேண்டியவரிடம் பொய் சொல்ல முயன்று தோற்பது, அக்காவோடு தொலைபேசியில் சண்டை. சண்டைக்காட்சி சோதனை வேண்டாம், அதைச் சண்டைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரே வெளிச்சம், ஒப்பனை இல்லாமல். தக்கவைத்த துணைநடிகர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து வசனம் கொடுக்க வேண்டும். பிறகு அவரிடம் தனியே கேளுங்கள், யாரோடு பேசும்போது பழையவரை மறந்தீர்கள் என்று. அவர் பதில் இயக்குநரின் கண்ணைவிட நம்பகமானது.

தோற்ற ஒற்றுமையைத் தேடாதீர்கள். மூக்கு ஒத்துப்போனால் சிரிப்பு ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பார்கள். 2007இல் அஜித் 'பில்லா'வாக வந்தபோது 1980இன் ரஜினிகாந்தோடு தோற்றத்தில் எதுவும் ஒட்டவில்லை. களம் மலேசியாவுக்குப் போனது, உடையின் பாணி மாறியது. பெயரும் கதையின் ஆள்மாறாட்ட முடிச்சும் 'மை நேம் இஸ் பில்லா' பாட்டும் நின்றன. சரியான பிரிவினை அது.

ஒப்பந்தத்தைக் குறைந்தது மூன்று படத்துக்கு, முதல் படப்பிடிப்பு நாளுக்கு முன் கையெழுத்திடுங்கள். லேசன்பி நீண்டகால ஒப்பந்தத்தை ஏற்காமல் ஒரே படத்தோடு போய்விட, 1971இல் கானரியைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. புதியவர் பக்கமும் நியாயம் வேண்டும்: இரண்டாம் படத்துக்கான சம்பள உயர்வை இப்போதே எழுதிவிடுங்கள்.

படி 6: பேச்சு

கொழும்பில் எடுக்கும் படத்துக்கு இது தனிப் படி. பழைய நாயகன் கொட்டாஞ்சேனைத் தமிழ் பேசியிருப்பார். புதியவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தால் வாயில் 'பிறகு' என்பதற்கு 'பேந்து' வரும். மட்டக்களப்பாராக இருந்தால் 'மறுகா' வரும். மலையகத்தவராக இருந்தால் தாளமே வேறு. பார்வையாளர் முகத்தை மன்னித்துவிடுவார், பேச்சை மன்னிக்கமாட்டார்.

இரண்டு தீர்வுதான். ஆறு வாரப் பயிற்சி: ஆட்டோ தரிப்பிடத்தில் தினமும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து கேட்டல், பிறகு ஒலிப்பதிவோடு ஒப்பிடல். சிங்களச் சொல் எங்கே கலக்கிறது, முஸ்லிம் நண்பரோடு பேசும்போது எந்தச் சொல் மாறுகிறது என்பதுவரை பிடிக்க வேண்டும். அல்லது பாத்திரத்தின் ஊரையே மாற்றிக் கதையில் ஒரு வரியில் சொல்லிவிடுவது. இரண்டும் செய்யாமல் வேறொருவரை வைத்து டப்பிங் பேச வைப்பது மூன்றாவது வழி. அது வேண்டாம். முகமும் புதிது, குரல் இன்னொருவருடையது என்றால் பிடித்துக்கொள்ளப் பார்வையாளருக்கு எதுவும் இல்லை.

படி 7: பழைய காட்சிகளும் செயற்கைக் குரலும்

எடுத்து வெளியிடாத காட்சிகள் பெட்டியில் இருந்தால் ஆசை வரும். எம்.ஜி.ஆர் நடித்து முடியாமல் நின்ற படத்தின் காட்சிகளைச் சுற்றிப் புதிதாகக் கதை எழுதி, கே. பாக்யராஜ் 1990இல் 'அவசர போலீஸ் 100' எடுத்தார். அங்கே பழைய காட்சிகளுக்காகக் கதை பிறந்தது. கதையை எழுதிவிட்டுப் பழைய காட்சியை அதில் செருக முயன்றால் கண்பார்வையின் திசை, வெளிச்சம், வசனத்தின் வேகம் மூன்றும் முரண்டுபிடிக்கும். பீட்டர் செல்லர்ஸ் 1980இல் இறந்தபின் அவருடைய மீதிக் காட்சிகளை ஒட்டி 1982இல் பிங்க் பாந்தர் படமொன்று வந்தது. அவர் மனைவி வழக்குப் போட்டு வென்றார். குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு விநாடியும் பயன்படுத்தாதீர்கள்.

தொழில்நுட்பத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, 4:3 வீடியோவை அகலத்திரைக்கு இழுப்பது. முகம் தட்டையாகும். அப்படிப்பட்ட காட்சியைக் கதைக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிடுங்கள். ஒற்றைத்தட ஒலியையும் அந்தப் பெட்டியிலிருந்தே வரச் செய்யலாம். இரண்டு குறையும் மறையும்.

செயற்கை நுண்ணறிவுக் குரலும் முகமும் தமிழில் வந்துவிட்டன. 2024இன் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் குடும்பங்களின் சம்மதத்தோடும் ஊதியம் கொடுத்தும் பயன்படுத்தினார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் விஜயகாந்தின் முகம் குடும்பத்தின் அனுமதியோடு சில கணம் வந்தது. இரண்டிலும் அளவு சிறியது, அதனால்தான் நெகிழ்ந்தோம். படம் நெடுக இறந்தவரை நடமாடவிடுவது வேறு. கண் நிலைக்காது, நடிப்புக்கு வேறொருவர் உடல் தேவை, தொடரும் என்றைக்கும் இறந்தவர் கையிலேயே இருக்கும். எங்கள் வரம்பு 30 விநாடி, ஒரே ஒரு முறை, வசனம் இல்லாமல்.

சட்டம் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடைவிதித்தது. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில், அத்தகைய உரிமைகள் அவரோடு முடிந்துவிட்டன என்றது. தீர்ப்பு எப்படியிருந்தாலும் குடும்பத்திடம் கேட்பதே முறை.

படி 8: சோதனைக் காட்சி

இசையும் நிறத்திருத்தமும் முடியாத தொகுப்பு வடிவத்தைத்தான் காட்ட வேண்டும். அரங்க வாடகை, புரொஜெக்டர், தேநீர் எல்லாம் சேர்த்து வரவுசெலவில் முன்பே ஒதுக்கிவிடுங்கள், கடைசியில் பணம் மிஞ்சாது. தமிழ்ச் சங்க மண்டபம் போன்ற 100 பேருக்கு மேல் அமரும் இடம் நல்லது. 40 பேர் போதும், ஆனால் கலந்து: வெள்ளவத்தைக் குடும்பங்கள், கொட்டாஞ்சேனை இளைஞர், மருதானை, தெமட்டகொடையிலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம் பார்வையாளர், புறக்கோட்டைக் கடைகளில் வேலைபார்க்கும் மலையகப் பையன்கள். பாதிப் பேர் பழைய பாகங்களைப் பார்த்திருக்க வேண்டும், பாதிப் பேர் பார்த்திருக்கக்கூடாது. நடிகர்களின் உறவினர் வேண்டாம்.

"பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமென்பார்கள். கேட்க வேண்டியவை மூன்று. எந்த இடத்தில் பழையவரை நினைத்தீர்கள்? நாயகன் எதற்குப் பயப்படுகிறான்? அடுத்த பாகத்தில் அவன் யாரைத் தேடிப்போக வேண்டும்? முதல் கேள்விக்கு ஒரே காட்சியைப் பத்துப் பேருக்கு மேல் சொன்னால் அந்தக் காட்சியில் இரண்டாம் பத்தியிலிருந்து ஏதோ தப்பி வந்திருக்கிறது. தேடி வெட்டுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் புதியவரை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருவர் மண்டபத்தின் ஓரத்தில் நின்று திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்க வேண்டும். கைபேசி வெளிச்சம் எந்த நிமிடத்தில் எழுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.

படி 9: அறிவிப்பும் வெளியீடும்

வரிசை முக்கியம். முதலில் பழைய நடிகரிடம், அல்லது அவர் குடும்பத்திடம், நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பிறகு துணைநடிகர்கள், பிறகு ரசிகர் மன்றத்தினர், கடைசியில் பொது அறிவிப்பு. இடையில் 48 மணிநேரத்துக்கு மேல் விடாதீர்கள், வட்ஸ்அப்பில் கசியும். மன்றத் தலைவர் செய்தியை வெளியாரிடமிருந்து கேள்விப்பட்டால் அந்த மனத்தாங்கல் முதல்நாள் காட்சிவரை போகும்.

அறிவிப்பில் 'புதிய' என்ற சொல்லைப் பழையவர் பெயரோடு சேர்க்கவே கூடாது. முதல் சுவரொட்டியில் முகத்தைவிட வண்டி பெரிதாக இருக்கட்டும். எதிர்ப்பு வரும். பதில் எழுதாதீர்கள். 2005இல் கிரேக்கை எதிர்த்துப் புறக்கணிப்பு இயக்கமே நடந்தது. அடுத்த ஆண்டு வந்த படம் அதுவரை வந்த பொண்ட் படங்களில் அதிகம் வசூலித்தது. எதிர்ப்புக்குப் படக்குழு காட்ட வேண்டிய பதில் படம் மட்டுமே.

வெளியீட்டு வாரத்தில் முதல் மூன்று நாளும் கொழும்பில் குறைந்தது நான்கு அரங்குகளுக்கு ஆளனுப்புங்கள். எதிர்பாராத இடத்தில் சிரிப்பு எழுந்தால் நேரத்தைக் குறியுங்கள். எல்லா அரங்கிலும் அதே இடமென்றால் படம் முழுவதையும் மறுபடி அனுப்பத் தேவையில்லை. அந்த ரீலை மட்டும் மாற்றும் துணை டிசிபி (அரங்குகளுக்கு அனுப்பும் டிஜிட்டல் படக்கோப்பு) ஒன்றை இரண்டு நாளில் செய்யலாம். தணிக்கை பெற்ற வடிவத்தில் கைவைக்கிறீர்கள் என்பதால் தணிக்கைச் சபையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வடிவத்தின் கோப்பை அழிக்காமல், திகதியும் பதிப்பெண்ணும் எழுதி, இரண்டு வன்தட்டில் இரண்டு வீட்டில் வையுங்கள். ஆறாம் பாகத்துக்கு மூன்று பத்தித் தாளை மறுபடி விரிக்கும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.